கருமை சுவரோரம், வெண்மை கையருகே: சிறிய சமையலறையை வடிவமைக்கும் முறை

புதிய அடுக்ககத்தில் குடியேறும் குடும்பமும், பழைய வீட்டைப் புதுப்பிக்க முனையும் குடும்பமும் ஒரே அறையின் வாயிலில் வந்து தயங்கி நிற்கின்றன. அது சமையலறை. படுக்கையறைக்கு வண்ணம் தவறினால் அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். சமையலறையில் அலமாரியும் மேடையும் பொருத்தப்பட்ட பிறகு, தவறு நம்மோடு பத்துப் பதினைந்து ஆண்டுகள் குடியிருக்கும். அதற்கெனக் கடன் பெற்றிருந்தால், தவணையும் உடன் குடியிருக்கும்.

அண்மைக்காலத்தில் காட்சிக்கூடங்களில் நம் கண்ணைக் கவரும் அமைப்பு ஒன்று உண்டு. சுவரோரம் கரும்பழுப்பு, கருநீலம் அல்லது கரிநிற அலமாரிகள். அறையின் நடுவே வெளிர்நிறத்தில் ஒரு மேடை. விற்பனையாளர்கள் இதனை ஐலண்ட் என்பர். நாம் இக்கட்டுரையில் நடுமேடை என்றே வழங்குவோம். பெரிய மாளிகைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று கருதப்படும் இவ்வமைப்பை 80 சதுர அடிச் சமையலறையில் செய்ய இயலுமா? செய்தால் அழகு மட்டும்தானா, பயனும் உண்டா? எதற்குப் பணம் செலவிட வேண்டும், எதனைத் தவிர்க்கலாம்? இவற்றை ஒரு பாடமாக வரிசைப்படுத்திக் காண்போம்.

எளிதாகப் பின்தொடர, ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்பவர்கள். பள்ளியில் பயிலும் மகன் ஒருவன். 72 வயதான பாட்டி. பாட்டியின் கண்பார்வை மங்கி வருகிறது. ஆயினும் காய் நறுக்கும் வேலையை அவர் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அவ்வேலை அவருக்கு வீட்டில் ஓர் இடத்தைத் தருகிறது. புதிய சமையலறை அந்த இடத்தை அவரிடமிருந்து பறித்துவிடக் கூடாது. நம் வடிவமைப்பு இக்குடும்பத்திற்கே.

நிறத்தின் வேலை என்ன?

ஒரு பரப்பின் மீது விழும் ஒளியில் ஒரு பகுதியை அது திருப்பி அனுப்புகிறது; எஞ்சியதை விழுங்கிவிடுகிறது. தூய வெள்ளைச் சுண்ணம் பூசிய சுவர் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். கரிநிற அலமாரிக் கதவு மிகச் சிறு பகுதியையே திருப்பும். நூற்றுக்கு 70 பங்கு ஒளியைத் திருப்பும் மேடையும், 10 பங்கு மட்டும் திருப்பும் மேடையும் ஒரே விளக்கின் கீழ் இருந்தால், முன்னது பின்னதைப் போல ஏழு மடங்கு ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புகிறது. மின்கட்டணம் இரண்டிற்கும் ஒன்றே.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. கை வேலை செய்யும் இடம் வெளிராக இருக்கட்டும். பொருள் உறங்கும் இடம் கருமையாக இருக்கலாம். அலமாரியின் கதவை நாம் உற்றுப் பார்ப்பதில்லை; திறக்கிறோம், மூடுகிறோம். கருநிறம் கதவுகளைப் பின்னுக்குத் தள்ளி, இடுக்குகளையும் இணைப்புக் கோடுகளையும் மறைத்து, அறைக்கு ஓர் அமைதியைத் தருகிறது. கத்தி நடமாடும் இடம் அவ்வாறன்று. அங்கே விரல் நுனியும், கத்தியின் விளிம்பும், கத்தரிக்காயின் புழுவும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

நம் வீடுகளில் இவ்வறிவு புதியதன்று. அரிசி புடைக்கும் முறத்தைப் பாருங்கள். மூங்கிலின் வெளிர்நிறத்தில்தான் கருங்கல்லும் வண்டும் உடனே கண்ணில் படுகின்றன. வெளிர் நடுமேடை என்பது ஒருவகையில் அசையாத பெரிய முறம்.

வயது கூடக் கூடக் கண்ணின் பாவை சுருங்கும், வில்லை மஞ்சளாகும், உள்ளே செல்லும் ஒளி குறையும். ஆகவே இளைஞருக்குப் போதுமான வெளிச்சம் பாட்டிக்குப் போதாது. அவருக்கு வெளிர் மேடை ஒரு வசதி என்பதைவிட, விரலுக்கு ஒரு காப்பு என்பதே பொருந்தும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். பூண்டு, தேங்காய், வெங்காயம் போன்ற வெண்ணிறப் பொருள்கள் வெளிர் மேடையில் கரைந்து போகும். அவற்றிற்கு அடர்நிற மரப்பலகை ஒன்றை மேடைமேல் வைத்துக்கொண்டால் போதும். பொருளுக்கும் தளத்திற்கும் நிறவேறுபாடு இருக்க வேண்டும் என்பதே அடிப்படை.

நூறு ஆண்டுப் பழைய பாடம்

சிறிய சமையலறையை ஆய்ந்து வடிவமைக்கும் முயற்சியில் உலகப் புகழ் பெற்றது 1926-இல் உருவான ஃபிராங்பர்ட் சமையலறை. ஜெர்மனியின் ஃபிராங்பர்ட் நகரில், எளிய குடும்பங்களுக்கான குடியிருப்புகள் பெருமளவில் எழுந்த காலம் அது. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி அவற்றுக்காக ஏறத்தாழ 6 அடி அகலமும் 11 அடி நீளமும் கொண்ட சமையலறையை வரைந்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. அலமாரிகள் நீலப்பச்சை வண்ணத்தில் இருந்தன. ஈக்கள் அந்நிறத்தை விரும்பா என்று அக்காலத்தில் நம்பினர். வேலை செய்யும் பலகையோ வெளிர்நிற பீச் மரத்தால் ஆனது. அது சாளரத்தின் அருகே வைக்கப்பட்டது. இரவு வேலைக்குக் கூரையில் நகர்த்தக்கூடிய விளக்கு இருந்தது.

அலமாரிக்கு வண்ணம், கைக்கு வெளிர் பலகை, பலகைக்கு ஒளி. நாம் இன்று காட்சிக்கூடத்தில் காணும் அமைப்பின் கரு இதுவே. இடம் சுருங்கியதால் அந்த அம்மையார் அழகைக் கைவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையைக் கொடுத்தார்.

அளவுகள் ஒத்துவருமா?

வண்ணத்தைத் தேர்வதற்கு முன் அளவுநாடாவை எடுக்க வேண்டும். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தனி உணவறை உள்ள வீட்டில் சமையலறைக்குக் குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் வேண்டும் என்கிறது. அதாவது ஏறத்தாழ 54 சதுர அடியும் 6 அடி அகலமும். இச்சிற்றளவில் நடுமேடைக்கு இடமில்லை. நம் எடுத்துக்காட்டு வீட்டின் சமையலறை 10 அடி நீளம், 8 அடி அகலம் கொண்டது. ஒரு நீளப் பக்கம் சுவரின்றி உணவறையை நோக்கித் திறந்திருக்கிறது.

இனிக் கணக்கு. எதிர்ப்புறத்து 10 அடிச் சுவரை ஒட்டி 2 அடி ஆழத்தில் அடுப்பு மேடை. சாளரம் உள்ள 8 அடிச் சுவரை ஒட்டி 2 அடி ஆழத்தில் கழுவுதொட்டி மேடை. இரண்டும் சேர்ந்து முக்கோணத்தின் இரு கைகள் போல நிற்கும். அடுப்பு மேடைக்கு முன்னே நடமாட 3 அடி வேண்டும். இருவர் ஒருவரையொருவர் கடந்து செல்லவும், கீழ் இழுப்பறையை இழுத்துவிட்டு நிற்கவும் இதற்குக் குறைந்தால் இடர்ப்பாடு. அகலமான 8 அடியில் 2 அடி மேடைக்கும் 3 அடி நடைக்கும் போக எஞ்சுவது 3 அடி. அதில் 2 அடி அகலமான நடுமேடை அமரும். மீதி 1 அடி உணவறைப் பக்கத்து நடையோடு சேர்ந்துவிடும்.

நீளத்தைப் பார்ப்போம். 10 அடியில் கழுவுதொட்டி மேடைக்கு 2 அடி, அதன் முன் நடைக்கு 4 அடி, எஞ்சிய 4 அடி நடுமேடைக்கு. மேடையின் குறுகிய பக்கம் எதிர்ச்சுவரைத் தொடும். ஆகவே உண்மையில் இது தீவு அன்று, தீபகற்பம். நான்கு புறமும் சுற்றி வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மேடை 2 அடிப் பலகையாகச் சுருங்கிப் பயனற்றுப் போகும். சிறிய வீட்டில் தீபகற்பமே சிறந்த தீவு.

சமையலறை நாற்புறமும் சுவரால் மூடப்பட்டிருந்தால் என் செய்வது? 8 அடி அகலத்தில் 2 அடி மேடை போக, எதிர்ச்சுவரோரம் ஒன்றரை அடி ஆழமுள்ள சக்கர மேசை ஒன்றை வைக்கலாம். இடையே நாலரை அடி நடை கிடைக்கும். நறுக்கும் வேளையில் மேசையை விளக்கின் கீழ் இழுத்துச் சக்கரத்தைப் பூட்டிக்கொள்ளலாம். அதன் மேற்பரப்பு வெளிராக இருந்தால் இக்கட்டுரையின் பயனில் பெரும்பகுதி அவ்வளவிலேயே கிடைத்துவிடும். செலவும் மிகக் குறைவு.

சுவரை இடித்துவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் எளிதாகச் சொல்லக்கூடும். அவசரப்பட வேண்டாம். அலுமினிய அச்சுகளில் கான்கிரீட் ஊற்றிக் கட்டப்படும் புதிய அடுக்ககங்களில் உட்சுவர்களே கட்டடத்தின் பளுவைத் தாங்குகின்றன. அவற்றில் ஒன்றை இடிப்பது மேல்மாடிகளின் காலை வெட்டுவதற்கு ஒப்பாகும். கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துவழிக் கருத்தும், குடியிருப்போர் சங்கத்தின் இசைவும் இன்றிச் சுவரைத் தொடலாகாது. வீடு வீட்டுக்கடன் அடமானத்தில் இருந்தால், கட்டமைப்பை மாற்றும்முன் வங்கியின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற நிபந்தனை அடமான ஒப்பந்தங்களில் பொதுவாக இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

உயரமும் ஒரு செலவில்லாத தேர்வு

நின்று வேலை செய்யும் மேடையின் உயரம் நம் முழங்கையைப் பொறுத்தது. முழங்கையை மடக்கி நின்றால், அதற்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருப்பது நறுக்குவதற்கு ஏற்றது. அடுப்பின் மீது பாத்திரமும் உயர்ந்து நிற்பதால், அடுப்பு மேடை இன்னும் சற்றுத் தாழ்ந்திருப்பது தோளுக்கு நல்லது. அட்டவணைப்படி எல்லா வீட்டிற்கும் 34 அங்குலம் என்று செய்துவிடாமல், அன்றாடம் சமைப்பவரை நிற்கவைத்து அளக்கச் சொல்லுங்கள்.

நடுமேடையை 36 அங்குலம் உயர்த்தி, உயரமான முக்காலிகளை இடுவது காட்சிக்கூட வழக்கம். 72 வயதுப் பாட்டி முக்காலியில் ஏறமுடியுமா? ஆகவே நம் குடும்பத்திற்கு நடுமேடையை 30 அங்குல உயரத்தில், சாப்பாட்டு மேசை அளவில் அமைப்போம். பாட்டி சாதாரண நாற்காலியில் அமர்ந்து காய் நறுக்கலாம். சப்பாத்தி தேய்ப்பதற்குத் தாழ்ந்த மேடையே வாகானது. தோளின் பளு கட்டையின்மேல் இறங்கும். மகன் மாலையில் அங்கே வீட்டுப்பாடம் எழுதலாம். மேடையின் 2 அடி அகலத்தில் அடுப்புப் பக்கம் 1 அடி ஆழத்திற்கு இழுப்பறைகளும், உணவறைப் பக்கம் 1 அடி கால் நீட்டும் வெற்றிடமும் விட்டால் இரண்டு பயனும் கிடைக்கும்.

மேடையின் மூலைகள் உருண்டையாக இருக்கட்டும். குறுகிய நடையில் கூர்மூலை இடுப்பைப் பதம் பார்க்கும். தரையும் மேடையும் ஒரே வெள்ளையாக இருந்தால் பார்வை மங்கியவர்க்கு மேடையின் விளிம்பு தெரியாது. மேல்தளம் வெளிர், கீழ்ப்பகுதி அடர்நிறம் அல்லது தரை இடைநிறம் என்று அமைப்பது பாதுகாப்பு.

நடுமேடையில் அடுப்பு வேண்டா

விளம்பரப் படங்களில் நடுமேடையில் அடுப்பு எரிகிறது. சமையல் எரிவாயு உருளை பயன்படுத்தும் வீட்டில் இது கூடாத ஆசை. ரப்பர் குழாயின் நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டலாகாது. அது நடைபாதையைக் கடக்கவோ, சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ மறைந்து செல்லவோ கூடாது. குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். அதற்குக் கண்ணில் படும்படி அது இருக்க வேண்டும். மேலும், இந்த வாயு காற்றைவிட எடை மிக்கது. கசிந்தால் தரையோரம் தேங்கும். ஆகவே உருளை நிற்கும் அறைக்குக் கதவு போட்டால், தரைமட்டத்தில் காற்று வெளியேறும் துளைகள் கட்டாயம் வேண்டும். கருநிறக் கதவின் சீரான அழகிற்காகத் துளையை அடைத்துவிடலாகாது. குழாய்வழி எரிவாயு உள்ள வீடுகளில், இணைப்பை நகர்த்தும் பணியை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவரே செய்ய வேண்டும்.

தாளிதப் புகையை வெளியேற்றும் சிம்னிக்கும் வெளிச்சுவர் அருகே இருப்பதே நல்லது. குழாய் நீளமும் வளைவும் கூடக்கூட அதன் இழுவிசை குறையும். எனவே நெருப்பும் புகையும் சுவரோரம்; கத்தியும் கட்டையும் நடுவே. இப்பிரிவினை இருவர் ஒரே வேளையில் மோதாமல் வேலை செய்யவும் உதவும்.

பொருள்களைத் தேர்தல்

அடுப்பு மேடையில் ஏற்கெனவே கருங்கிரானைட் இருந்தால், அதனைப் பெயர்க்க வேண்டா. சூடான வாணலியை இறக்கிவைக்கவும், எண்ணெய்க் கறையைத் தாங்கவும் அதைவிட ஏற்ற கல் அரிது. கரிய அலமாரியோடு அது பொருந்தியும் போகும். அந்தச் செலவை மிச்சப்படுத்தி, நடுமேடைக்கு நல்ல வெளிர் கல்லை வாங்கலாம்.

வெளிர் கல்லில் எதனைத் தேர்வது? வெண்பளிங்கு அழகியது, ஆனால் எலுமிச்சை, புளி ஆகியவற்றின் அமிலம் அதன் பளபளப்பை அரிக்கும். குவார்ட்ஸ் என வழங்கும் செயற்கைக் கல் எளிதில் கறை உறிஞ்சாது. எனினும் அதில் பிசின் கலந்திருப்பதால் கொதிக்கும் பாத்திரத்தை நேரே வைத்தால் நிறம் மாறும். நம் நடுமேடையில் அடுப்பு இல்லாததால் இக்குறை பெரிதன்று. வெளிர் கிரானைட் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் நுண்துளைகளை அடைக்கும் பூச்சை அவ்வப்போது பூச வேண்டும். செலவைச் சுருக்க விரும்புவோர் பெரிய விட்ரிஃபைட் ஓடு பதிக்கலாம். இணைப்புக் கோடுகளைக் குறைக்கும்படி ஓடுகளைத் தேர வேண்டும்.

மஞ்சள் கறையை நினைத்தே பலர் வெளிர் மேடைக்கு அஞ்சுகின்றனர். உடனே துடைப்பதே முதல் மருந்து. மஞ்சளின் நிறப்பொருள் வெயிலில் சிதையும் இயல்புடையது. ஆகவே சாளர வெளிச்சம் படும் மேடையில் மெல்லிய மஞ்சள் சாயல் நாளடைவில் மங்கும்.

கரிய அலமாரிக் கதவுகளில் கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சைத் தவிர்ப்பது நன்று. விரல் தடமும், நீர்த்துளியின் உப்புக்கறையும், கோதுமை மாவின் தூசும் அதில் உரக்கப் பேசும். மரவரி கொண்ட மங்கலான லேமினேட் இவற்றை அடக்கிக்கொள்ளும். கதவின் வெளிப்புறம் எவ்வளவு கருமையாயினும், அலமாரியின் உட்புறம் வெள்ளையாகவே இருக்கட்டும். கரப்பான் பூச்சியின் எச்சமும், கசியும் குழாயின் ஈரமும் வெள்ளையில்தான் உரிய காலத்தில் தெரியும்.

மேல் அலமாரிகளும் கரியவையாக இருந்தால் சிறிய அறை நம்மீது சாய்வது போலிருக்கும். கீழே கருமை, மேலே சுவரின் நிறத்தை ஒத்த வெளிர்மை என்பது பாதுகாப்பான வழி. மேலேயும் கருமைதான் வேண்டும் என்றால், இரண்டிற்கும் இடையே உள்ள சுவர் ஓடுகளையும் கூரையையும் வெளிராக விடவேண்டும்.

உள்ளிருக்கும் பலகையே அலமாரியின் ஆயுள். கழுவுதொட்டியின் கீழும், தரையைத் தொடும் பகுதியிலும் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் இடுவது நன்று. உலர்ந்த மேல் அலமாரிகளுக்கு அதைவிட விலை குறைந்த தரம் போதும். எல்லாவற்றிற்கும் ஒரே உயர்தரம் என்பது வீண்செலவு. எல்லாவற்றிற்கும் ஒரே மலிவுத்தரம் என்பது பின்செலவு. வெட்டுமுனைகள் அனைத்தும் நன்கு ஒட்டி மூடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். ஈரம் அவ்வழியேதான் நுழையும்.

விளக்கு இல்லாமல் நிறம் இல்லை

அறையின் நடுக்கூரையில் ஒரே விளக்கு இருக்கும்போது, சுவரைப் பார்த்து நிற்பவரின் நிழல் அவர் கைமீதே விழுகிறது. கரிய மேடையில் அந்நிழல் குழியாகிவிடும். மேல் அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி எல்இடி பட்டை விளக்கு பொருத்தினால் அடுப்பு மேடை தெளிவு பெறும். நடுமேடைக்கு மேல் ஒரு தொங்கு விளக்கு, மேடையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை அடி உயரத்தில், அமர்ந்திருப்பவர் கண்ணில் குத்தாதபடி மூடியுடன் இருக்கட்டும். மிக நீலமும் மிக மஞ்சளும் இல்லாத 4,000 கெல்வின் அளவிலான வெண்மை, காயின் உண்மை நிறத்தைக் காட்டும்.

நடுமேடையில் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் மின்செருகி வேண்டுமென்றால், தரை ஓடு பதிக்கும் முன்பே கம்பிக்குழாயைப் பதிக்க வேண்டும். பின்னர் நினைவு வந்தால், ஓட்டை உடைப்பதோ நடையின் குறுக்கே கம்பியை இழுப்பதோதான் வழி. நீர் புழங்கும் அறையாதலால், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு விசை உள்ளதா என்பதையும் மின்பணியாளரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒரு வார ஒத்திகை

முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வாரம் ஒத்திகை பாருங்கள். நடுமேடை வரும் இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, அதன்மேல் அட்டைப்பெட்டிகளை உரிய உயரத்திற்கு அடுக்குங்கள். பழைய அலமாரிக் கதவுகளில் கருநிறத் தாளை ஒட்டுங்கள். பெட்டிகளின்மேல் வெள்ளைத் தாளை விரியுங்கள். காலைப் பரபரப்பில் இருவர் இடித்துக்கொள்கிறார்களா? குளிர்பதனப் பெட்டியின் கதவு முழுமையாகத் திறக்கிறதா? மாலை ஏழு மணிக்கு அறை இருண்டு தோன்றுகிறதா? பாட்டி நாற்காலியை இழுத்து அமர முடிகிறதா? இக்கேள்விகளுக்கு விடை காட்சிக்கூடத்தில் கிடைக்காது. நம் வீட்டில், நம் வேளையில்தான் கிடைக்கும். இந்த ஒத்திகைக்குச் செலவு சில தாள்களும் சிறிது ஒட்டுநாடாவும் மட்டுமே.

விலைப்புள்ளியும் கடனும்

குறைந்தது மூவரிடம் விலைப்புள்ளி பெறுங்கள். ஒருவர் ஓட்ட அடிக்கு விலை சொல்வார். மற்றவர் சதுர அடிக்குச் சொல்வார். இவற்றை நேரடியாக ஒப்பிட முடியாது. ஒரே வரைபடத்தைக் கொடுத்து, மொத்தத் தொகையைக் கேளுங்கள். பலகையின் தரம், லேமினேட்டின் பெயர், கீல்களும் இழுப்பறைத் தடங்களும் எத்தகையவை, கல், விளக்கு, பழையதை அகற்றும் கூலி, ஜிஎஸ்டி ஆகியன உட்பட்டவையா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணத்தை வேலை முடியும் கட்டங்களுக்கேற்பக் கொடுங்கள். ஒரு பகுதியை, எல்லாக் கதவும் சரியாக மூடுகின்றன என்று பார்த்த பிறகே கொடுப்பதாக ஒப்பந்தத்தில் சேருங்கள்.

சேமிப்பு போதாமல் கடன் பெறுவோர், மாதத் தவணையை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாகாது. எடுத்துக்காட்டாக, 3 லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் 3 ஆண்டுகளுக்குப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 9,680 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 48,500 ரூபாய். அதையே 5 ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை 6,374 ரூபாயாகக் குறையும். வட்டி ஏறத்தாழ 82,400 ரூபாயாக உயரும். வீட்டுக்கடனோடு கூடுதல் கடனாகச் சேர்த்து, 9 விழுக்காட்டில் 15 ஆண்டுகளுக்குப் பெற்றால் தவணை 3,043 ரூபாய்தான். ஆனால் மொத்த வட்டியோ ஏறத்தாழ 2,47,700 ரூபாய். வட்டிவீதம் குறைந்தது, செலவு மும்மடங்கு ஆனது. அலமாரியின் கீல் தேய்ந்த பின்னும் அதற்கான தவணை ஓடிக்கொண்டிருக்கலாம். அலமாரியின் ஆயுளைவிடக் கடனின் ஆயுள் குறுகியதாக இருக்க வேண்டும் என்பதை விதியாகக் கொள்ளலாம்.

நீண்ட காலக் கூடுதல் கடனையே தேர்ந்தால், இடையில் கிடைக்கும் ஊக்கத்தொகையைக் கொண்டு முன்கூட்டிச் செலுத்துங்கள். தனிநபர்கள் மாறும் வட்டியில் பெற்ற வீட்டுக்கடனை முன்னதாக அடைத்தால் வங்கிகள் அபராதம் விதிக்கக் கூடாது என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் விதி. மேலும் 2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன் எதனை வழங்கும்போதும் முக்கிய விவரங்களின் அறிக்கை ஒன்றை வங்கி தரவேண்டும். கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டுச் செலவு வீதம் அதில் இருக்கும். இரு கடன்களை ஒப்பிட அந்த ஒரு வரியே சிறந்த துணை.

முடிவாக

கடையில் முதலில் நம்மிடம் கேட்கப்படுவது, "என்ன நிறம் வேண்டும்?" என்பது. நாம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, "இங்கே யார், எந்த வேலையை, எந்த வெளிச்சத்தில் செய்கிறார்கள்?" என்பது. அதற்கு விடை கிடைத்தால் நிறம் தானே அமைந்துவிடும். பொருள்கள் உறங்கும் சுவரோரம் கருமை. கை உழைக்கும் இடத்தில் வெண்மை. நனையும் இடத்திலும் அசையும் உறுப்பிலும் தாராளம், ஏனையவற்றில் சிக்கனம்.

நாம் எண்ணிக்கொண்ட வீட்டில் இப்போது மாலைநேரம். கரிய அலமாரிகள் பின்னே அடங்கி நிற்கின்றன. தொங்கு விளக்கின் கீழ் வெளிர் மேடையில் அவரைக்காய் குவிந்திருக்கிறது. பாட்டி நாற்காலியில் அமர்ந்து நார் உரிக்கிறார். எதிரே பேரன் கணக்குப் போடுகிறான். அவர் விரலும் கத்தியும் அவருக்கு நன்றாகத் தெரிகின்றன. 80 சதுர அடியில் நாம் செலவிடும் பணத்திற்கு இதைவிட நல்ல வரவு வேறில்லை.